இரட்சிக்கப்பட்டவர்கள் அழுதால் அது அவிசுவாசமா?

"எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று வேதம் சொல்கிறதே, அப்படியானால் இரட்சிக்கப்பட்ட (இயேசுவை இரட்சகராக ஏற்றுக்கொண்ட) ஒருவர் துக்கப்படுவது விசுவாசக் குறைவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது சும்மா வருகிற கேள்வி இல்லை. யாரோ இந்த வசனத்தைச் சொல்லி உங்களைக் காயப்படுத்தியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

விசுவாசக் குறைவு இல்லை. எனக்கும் இதே வசனத்தைக் காட்டினார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பியை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயிறே ஆராதனைக்குப் போனேன். துதிப் பாடல் நேரத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். என்னால் முடியவில்லை. பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர் பக்கத்தில் வந்து, "சிஸ்டர், நீங்க இரட்சிக்கப்பட்டவங்க. நீங்களே இப்படி உடைஞ்சு போனா மத்தவங்களுக்கு என்ன சாட்சி? பிலிப்பியர் 4:4 படிங்க" என்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

சொன்னபடியே படித்தேன், ஒரு வசனத்தை அல்ல, நான்கு அதிகாரங்களையும். அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின அந்த நிருபத்தைச் சிறையில் கட்டுண்டு இருந்துகொண்டு எழுதுகிறார். 2:27இல், சாகக் கிடந்த தன் உடன் ஊழியக்காரன் எப்பாப்பிரோதீத்துவைப் பிழைக்க வைத்ததன் மூலம், துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி தேவன் தனக்கும் இரங்கினார் என்கிறார். அவன் செத்திருந்தால் பவுல் துக்கப்பட்டிருப்பார் என்பதுதானே இதன் அர்த்தம்? 3:18இல் கண்ணீரோடு எழுதுவதாக அவரே சொல்கிறார். சந்தோஷமாயிருங்கள் என்று இரண்டு தரம் சொன்னவரும் அவரேதான்.

மேசியாவை, அதாவது வரப்போகும் இரட்சகரைப் பற்றிய வாக்குத்தத்தமும் அப்படித்தான். ஏசாயா 53 அவரை "துக்கம் நிறைந்தவர்" என்கிறது. (அது இஸ்ரவேல் ஜனத்தைக் குறிக்கிறது என்பது யூதர்களில் பலருடைய வாசிப்பு, எனக்குத் தெரியும். நான் கிறிஸ்தவளாகப் பதில் சொல்கிறேன். ஆனால் அந்தப் பகுதியைப் பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் எழுதிச் சேர்த்தார்கள் என்று மட்டும் யாரும் வர வேண்டாம். 1947இல் சவக்கடல் பக்கத்தில் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் இயேசுவின் பிறப்புக்கு முந்தியது, அதிலும் அந்த அதிகாரம் இருக்கிறது.) தேவாலயத்தில் சிமியோன் என்கிற பக்தர் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, உம்முடைய இரட்சணியத்தைக் கண்டேன் என்று துதிக்கிறார். அந்தக் கையோடு மரியாளிடம், உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் (வாள்) உருவிப்போகும் என்கிறார். மரித்துப்போன தன் சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். அவரிடம் யார் போய் விசுவாசக் குறைவு என்று சொல்வது?

துக்கத்தையே பெருமையாகப் பேசுகிறாள் என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. சந்தோஷம் ஆவியின் கனி, அதை நான் முழுசாக நம்புகிறேன். அந்த நாட்களிலும் எனக்கு அது இருந்தது. தம்பி கிறிஸ்துவுக்குள் மரித்தான், மறுபடி அவனைப் பார்ப்பேன் என்கிற நிச்சயம் ஒரு நாளும் அசையவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவன் ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும், அதே நேரத்தில் உள்ளே அந்த நிச்சயமும் இருக்கும். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்படாதிருங்கள் என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறது. துக்கமே கூடாது என்று எழுதியிருக்கவில்லை.

இன்னொரு மனக்குறையும் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருவரிடம் மட்டும் சொன்ன ஜெபக்குறிப்பு, சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழு குழுவாகப் போய்விட்டது. என்ன வியாதி, டாக்டர் என்ன சொன்னார், எல்லாம். ஜெபிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய் ஊருக்குச் சொல்வதைப் பாவம் என்று யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. அழுகிறவளைத் திருத்த மட்டும் ஓடி வருகிறார்கள்.

உங்களிடம் 4:4ஐக் காட்டினவர் மறுபடி வந்தால், அதே நிருபத்தில் 2:27ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ரோமர் 12:15ஐத் திருப்பிக் கொடுங்கள்: "அழுகிறவர்களுடனே அழுங்கள்." அது அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை.