ஆரஞ்சு பையில் ராஸ்பெரி பை ஓஎஸ் ஓடுமா?

அலுவலகக் கோப்புகளை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவதற்காக ஆரஞ்சு பை 5 என்ற சின்னக் கணினி போர்டு வாங்கியிருக்கிறார் ஒரு வாசகர். ராஸ்பெரி பை என்ற வேறொரு சின்ன போர்டுக்கான இயங்குதளத்தைச் சொல்லி, ‘ராஸ்பெரி பை ஓஎஸ்ஸையே இதிலும் போடலாம்’ என்றாராம் விற்றவர். மெமரி கார்டில் அதை ஏற்றிச் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. ‘போர்டு போய்விட்டதா? ஓஎஸ் ஏற்றிய கார்டை 1,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறாரே, வாங்கலாமா?’ என்று கேட்கிறார்.

போர்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கார்டை வாங்காதீர்கள்.

மேசைக் கணினியில் எந்த லினக்ஸ் ஓஎஸ்ஸைப் போட்டாலும் அநேகமாக ஓடும். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை அதன் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளே ஓஎஸ்ஸுக்குச் சொல்லிவிடும். இந்தச் சின்ன போர்டுகளில் பொதுவாக அந்த வசதி கிடையாது. எந்தச் சிப், அதன் எந்தக் காலில் (பின்) எது இணைந்திருக்கிறது என்ற விவரமெல்லாம் ‘டிவைஸ் ட்ரீ’ என்ற கோப்பாக ஓஎஸ்ஸுடனேயே வர வேண்டும். ராஸ்பெரி பையில் இருப்பது பிராட்காம் நிறுவனத்தின் சிப், உங்களுடையதில் ராக்சிப் நிறுவனத்தின் சிப். கார்டில் தொடக்க நிரலைத் தேடும் இடம்கூட இரண்டுக்கும் வேறு. பெயரில் ‘பை’ இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ராஸ்பெரி பை குடும்பத்துக்குள் மட்டும் கார்டை மாற்றிப் போடலாம். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராஸ்பெரி பை 5-க்கு, ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்போ அதற்குப் பிந்தையதோதான் வேண்டும். ராஸ்பெரி பை 4-இல் ஒழுங்காக ஓடிய, அதற்கு முந்தைய புல்ஸ்ஐ பதிப்புக் கார்டு அதில் கிளம்பாது. புக்வார்மிலும் 64 பிட் பதிப்பை ஏற்றியிருந்தால் 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பையில் அது ஓடாது, 32 பிட் பதிப்பு ஓடும். இதையும் ‘போர்டு அவுட்’ என்று சொல்லிப் புதிது விற்பவர்கள் இருக்கிறார்கள்.

ரெடிமேட் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். இலவசமாகக் கிடைப்பதை ஏற்றிக் காசாக்குகிறார்கள் என்பதுகூடப் பெரிதல்ல. பல கார்டுகளில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே ‘ஆரஞ்சுபை’ என்று தொடக்கத்தில் இருந்தபடியே விட்டிருப்பார்கள். அலுவலகக் கோப்புகளை அதில் வைக்கவா? வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

சிப் நிறுவனங்கள் மேலும் மோசம். ஒரு பழைய கர்னலை, அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியை எடுத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த சிப்புக்குப் போய்விடுகிறார்கள். ஆல்வின்னர் என்ற சிப் நிறுவனம் வெளியிட்ட 3.4 கர்னலில் ஒரு சொல்லை எழுதினாலே சாதாரணப் பயனருக்கு எதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரம் கிடைத்தது. 2016-இல்தான் அது வெளியே தெரிந்தது. வாங்குகிறவர்களோ எத்தனை ஜிபி ரேம் என்று மட்டும் கேட்கிறார்கள். பள்ளிக்கும் கல்லூரிக்கும் வாங்கும் டெண்டரிலாவது, எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள் என்று ஒரு வரி கேட்கக் கூடாதா?

நீங்கள் இத்தகைய போர்டுகளுக்கான லினக்ஸ் தரும் ஆர்ம்பியன் தளத்தில் ‘ஆரஞ்சு பை 5’ என்ற பெயரிலேயே உள்ள இமேஜை (ஓஎஸ் கோப்பை) இறக்குங்கள். 5 பி, 5 பிளஸ் எல்லாம் வேறு போர்டுகள். நல்ல கார்டில் ஏற்றி, போன் சார்ஜரை விட்டுவிட்டு 5 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டரில் போடுங்கள். முதல் தடவை கிளம்பக் கொஞ்சம் நேரமாகும், பொறுங்கள். வேறொரு கார்டிலும் பார்த்து அப்போதும் திரை கருப்பாகவே இருந்தால், பில்லோடு போய் போர்டை மாற்றித் தரச் சொல்லுங்கள்.