நஷ்டம் யார் தலையில்?

அன்புள்ள ஐயா,

போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடி பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். மோசடியில் போகும் பணத்தில் ஒரு பகுதியையாவது வங்கிகள் ஏற்க வேண்டும் என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அது கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ரிசர்வ் வங்கி தொண்டை கிழியக் கத்துகிறது. ஏடிஎம் வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் ஏமாந்தால் அதற்குக் காரணம் ஒன்று பேராசை, இல்லாவிட்டால் அறியாமை. அதற்கு வங்கி ஏன் தண்டம் அழ வேண்டும்? வங்கி கொடுக்கும் பணம் வானத்திலிருந்தா வரும்? என் போன்றவர்களின் வட்டியில்தானே கை வைப்பார்கள்? போன பணம் திரும்பி வந்துவிடும் என்று தெரிந்தால் அப்புறம் யார்தான் ஜாக்கிரதையாக இருப்பார்கள்? யுபிஐ இலவசமாகவும் வேண்டும், நொடியில் போகவும் வேண்டும், தவறினால் திருப்பித் தரவும் வேண்டும் என்பது நடக்கிற காரியமா?

என் அப்பாவுக்கு 71 வயது. அவர் போனிலிருந்து யுபிஐ செயலிகளை எல்லாம் நீக்கிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனாலும் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

கே.
கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

நஷ்டம் தன்னுடையது இல்லை என்றால் யார் ஜாக்கிரதையாக இருப்பார்கள்? நல்ல கேள்வி. நீங்கள் அதை வாடிக்கையாளரைப் பார்த்துக் கேட்கிறீர்கள், நான் வங்கியைப் பார்த்துக் கேட்கிறேன். நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலில் இந்தப் பேராசை, அறியாமை விவகாரம். வீட்டிலிருந்தே தினம் ஐயாயிரம், பங்குச்சந்தையில் மாதம் இரட்டிப்பு என்று நம்பிப் பணம் போட்டவர்களிடம் ஆசை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் டிஜிட்டல் கைதில் ஆசைக்கு என்ன இடம்? லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024இல் ஏழு கோடி ரூபாய் இழந்தார். பத்மபூஷண் விருது பெற்றவர், ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தவர், எண்பது வயதைக் கடந்தவர். அவருக்குப் போலி உச்ச நீதிமன்றம் ஒன்றையே வீடியோவில் நடத்திக் காட்டினார்கள். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரில் ஒருவர் விசாரித்தார், உத்தரவும் வந்தது. ஓஸ்வாலை அறியாதவர் என்று நீங்கள் சொல்வீர்களா? அவரிடம் இருந்தது பயம். வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தவருக்கே உரிய பயம்.

அந்தப் பயத்தை வளர்த்ததில் திருடனைவிட நம் அலுவலகங்களுக்குப் பங்கு அதிகம். 'இன்றே கேஒய்சி புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்' என்று திருடன் அனுப்புகிறான். அதே தொனியில் நிஜ வங்கியும் அனுப்புகிறது. கடன் அட்டை விற்க ஏதோ ஒரு கைப்பேசி எண்ணிலிருந்து அழைக்கும் நிஜ ஊழியர், 'சரிபார்ப்புக்காக உங்கள் பிறந்த தேதி' என்று ஆரம்பிக்கிறார். சேவைக்காக அழைக்கும் வங்கிகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்துதான் அழைக்க வேண்டும், அவற்றின் இணைய முகவரி 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதே 2025இல்தான். அதுவரை நிஜத்துக்கும் போலிக்கும் அடையாளமே வைக்காமல், 'விழிப்புடன் இருங்கள்' என்று மட்டும் நம்மிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் போனில் பணம் அனுப்பவில்லை, வங்கிக்கே நேரில் போனார். கைப்பைக்குள் போன் அழைப்பில் இருந்தது. மறுமுனையில் 'மும்பை காவல்துறை' கேட்டுக்கொண்டிருந்தது. நிரந்தர வைப்புகளை எல்லாம் உடைக்க வேண்டும் என்றார். "முதிர்வுக்கு நான்கு மாதம்தானே இருக்கிறது, வட்டி குறையுமே அம்மா?" என்று அதிகாரி கேட்டார். "மகள் வீடு வாங்குகிறாள்." இது அவர்கள் சொல்லிக்கொடுத்த பதில். அதிகாரி பெருந்தொகை அனுப்புவதற்கான ஆர்டிஜிஎஸ் படிவத்தை எடுத்து, அம்மாவுக்குக் கை நடுங்கியதால் தானே நிரப்பியும் கொடுத்தார். பணம் பெறுபவர் இடத்தில் வடமாநிலத்தில் உள்ள ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ். வீடு வாங்கும் மகளின் பெயரும் இல்லை, கட்டுமான நிறுவனத்தின் பெயரும் இல்லை. அந்தக் கணக்குக்கு அவர் வாழ்நாளில் ஒரு ரூபாய்கூட அனுப்பியதில்லை. அதிகாரியின் கவலை எல்லாம் வட்டி குறைகிறதே என்பதோடு நின்றுவிட்டது. இதே கிளையில் நாமினி பெயரை மாற்றப் போனபோது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று இதே அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. நாமினி விஷயத்தில் தவறு நடந்தால் வாரிசுகள் வழக்குப் போடுவார்கள், வங்கி பதில் சொல்லியாக வேண்டும். இதில் என்ன போனாலும் வங்கிக்கு ஒன்றும் ஆகாது. எங்கே தனக்கு அடி விழுமோ அங்கே ஒரு நிறுவனம் கண்ணை அகல விரிக்கும். இது மனித சுபாவம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, வெறும் கணக்கு.

இந்தக் கணக்கு ஏற்கனவே போட்டுப் பார்க்கப்பட்டது. ஏடிஎம் இயந்திரங்கள் புதிதாக வந்த காலத்தில், 'நான் எடுக்காத பணம் என் கணக்கிலிருந்து போயிருக்கிறது' என்ற புகார்கள் எங்கும் எழுந்தன. 1980இல் நியூயார்க்கில் ஜட் என்ற பெண்மணி தன் வங்கிமீது வழக்குப் போட்டார். பணம் எடுக்கப்பட்டதாகச் சொல்லும் நேரத்தில் தான் அலுவலகத்தில் இருந்ததற்கு முதலாளியிடம் கடிதம் வாங்கி வந்திருந்தார். வங்கியிடம் கணினி அச்சுத் தாள் இருந்தது. நீதிபதி தாளைவிட மனுஷியை நம்பினார். அமெரிக்காவில், புகார் பொய் என்று வங்கி நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் பணத்தைத் தர வேண்டும் என்ற நிலை வந்தது.

பிரிட்டனில் நேர் எதிர். எங்கள் கணினி தவறாது, நீங்களோ உங்கள் வீட்டாரோதான் எடுத்திருப்பீர்கள் என்று வங்கிகள் சாதித்தன. ஜான் மண்டன் என்ற காவலர் இப்படிப் புகார் கொடுக்கப் போய், வங்கியை ஏமாற்ற முயன்றதாக அவர்மீதே வழக்குப் பாய்ந்தது. 1994இல் குற்றவாளி என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் விடுதலையாக 1996 ஆயிற்று. ஒரு போலீஸ்காரருக்கே இந்தக் கதி!

இந்த இரு நாடுகளையும் ஒப்பிட்டவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ராஸ் ஆண்டர்சன். கணினிப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் கண்டது இதுதான்: நஷ்டத்தைச் சுமந்த அமெரிக்க வங்கிகள் பாதுகாப்புக்குக் குறைவாகச் செலவிட்டும் மோசடியைக் கட்டுக்குள் வைத்திருந்தன. நஷ்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டிய பிரிட்டன் வங்கிகள் அதிகம் செலவிட்டும் அசட்டையாகி, மோசடி அலையில் மாட்டிக்கொண்டன. நீங்கள் சொன்ன அலட்சியம் வந்தது உண்மைதான். ஆனால் அது வந்தது வங்கிகளுக்கு.

இப்போது அதே பிரிட்டன் என்ன செய்கிறது தெரியுமா? 2024 அக்டோபர் 7 முதல், வாடிக்கையாளர் ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணமாக இருந்தாலும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். பொதுவாக ஐந்து வேலை நாட்களுக்குள். 100 பவுண்டு வரை வாடிக்கையாளரிடம் பிடித்துக்கொள்ளலாம். படுமோசமான அலட்சியம் என்றால் மறுக்கவும் வழி உண்டு. உங்கள் கவலைக்கு அங்கேயே பதில் வைத்திருக்கிறார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விதி. நஷ்டத்தில் பாதி அனுப்பிய வங்கியுடையது, மறுபாதி பணத்தை வாங்கிக்கொண்ட வங்கியுடையது. நம் ஊரில் யாரும் பேசாத இடம் இதுதான். திருடிய பணம் காற்றில் கரைவதில்லை, இன்னொரு வங்கிக் கணக்கில்தான் போய் விழுகிறது. அந்தக் கணக்கை யார் திறந்து கொடுத்தது? ஆதார், பான், புகைப்படம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு வங்கிதான் திறந்தது. சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் கணக்கையும் சிம் கார்டையும் விற்ற கல்லூரி மாணவன் பெயரிலோ கூலித் தொழிலாளி பெயரிலோ அது இருக்கும். ஆறு மாதமாக ஐந்நூறு ரூபாயைத் தாண்டாத கணக்கில் ஒரே மதியத்தில் நாற்பது லட்சம் வந்து, அரை மணியில் பல கணக்குகளாகப் பிரிந்து வெளியேறினால், அதைப் பார்க்க முடிந்தவர் யார்? எழுபது வயது ஆசிரியையா, அந்த வங்கியின் கணினியா?

அடுத்து, நீங்கள் சொன்ன ஏடிஎம் வாசல் அறிவிப்பு. 'பணம் பெற ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை' என்பதும் அதில் ஒன்று. யுபிஐயில் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. 'உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், ஒப்புதல் கொடுங்கள்' என்று சொல்லி, அந்தக் கோரிக்கையை அனுப்பியே எத்தனையோ பேரின் பணத்தை உருவினார்கள். பல ஆண்டுகள் மக்களுக்குப் பாடம் நடத்திய பிறகு, 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையிலான அந்த வசதியையே யுபிஐயை நடத்தும் தேசிய பணப்பட்டுவாடாக் கழகம் நீக்கியது. வழி அடைபட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே? எத்தனை பேருக்குப் புரியவைப்பது என்று அலைந்ததை, அமைப்பில் ஒரு பொத்தானை எடுத்து முடித்துவிட்டார்கள். மென்பொருள்காரரான உங்களுக்கு இது என்னைவிட நன்றாகப் புரியும். உங்கள் நிறுவனத்தில் ஒரு பொத்தானை ஆயிரம் பேர் தவறாக அழுத்தினால் பொத்தானை மாற்றுவீர்களா, ஆயிரம் பேருக்கும் வகுப்பு எடுப்பீர்களா?

வங்கி வாசலில் ஒட்டாத அறிவிப்பு ஒன்றும் உண்டு. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் பணம் போய், அதில் அவர் தவறும் வங்கியின் தவறும் இல்லை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் கிடையாது. வங்கியின் குறையால் போனால் அந்தக் கெடுகூட இல்லை. தெரிவித்ததிலிருந்து பத்து வேலை நாட்களுக்குள் வங்கி தொகையை வரவு வைக்க வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்றால் நிரூபிக்க வேண்டியது வங்கி. எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆனால் இதிலேயே, ரகசிய எண்ணைப் பகிர்வது போன்ற அலட்சியம் வாடிக்கையாளர் பக்கம் இருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் முழு நஷ்டமும் அவருடையது என்று ஒரு விதி இருக்கிறது. புகார்களைத் தள்ளிவிட இந்த ஒரு விதி போதுமானதாக இருக்கிறது. தானே வங்கிக்குப் போய்ப் பணம் அனுப்பிய ஆசிரியைக்கோ இந்தச் சுற்றறிக்கை முழுவதுமே உதவாது.

செலவு யாருடையது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 2020 ஜனவரி முதல் யுபிஐக்கு வணிகர் கட்டணம் இல்லை. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டிய ஓர் அமைப்பு, என்றைக்கும் இலவசமாகவே ஓடும் என்று நானும் நம்பவில்லை. பெரிய கடைகளிடம் சிறு கட்டணம் வாங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் நொடியில் போகட்டும். இதுவரை அனுப்பியே இராத கணக்குக்குப் பத்து லட்சம் போகிறதென்றால் ஓர் இரவு காத்திருந்தால் என்ன குடி முழுகிவிடும்? சந்தேகம் இருந்தால் பணத்தைக் கூடுதலாக 72 மணி நேரம் வரை நிறுத்திவைக்கப் பிரிட்டன் வங்கிகளுக்கு இப்போது அதிகாரம் இருக்கிறது. நாமோ காசோலையைக்கூட அன்றைக்கே பாஸ் செய்யக் கிளம்பிவிட்டோம்.

உங்கள் அப்பா விஷயத்தில் நீங்கள் செய்தது சரியில்லை. பால்காரருக்கும் மருந்துக் கடைக்கும் பணம் கொடுக்க மகனைக் கேட்க வேண்டும் என்றால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? தவிர, அந்த ஆசிரியையைக் கவிழ்க்க யுபிஐ தேவைப்படவில்லை, ஒரு காகிதப் படிவம் போதுமாக இருந்தது. இப்படிச் செய்து பாருங்கள். ஓய்வூதியமும் வைப்புகளும் இருக்கும் கணக்கை யுபிஐயோடு இணைக்க வேண்டாம், அதற்கு இணைய வங்கிச் சேவையும் வேண்டாம். மாதச் செலவுக்கு மட்டும் இன்னொரு கணக்கு, அதில் மட்டும் யுபிஐ. போலீஸ், சுங்கம், நீதிமன்றம் என்று யார் வீடியோவில் வந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. பணம் போய்விட்டதென்றால் 'என் மகன் திட்டுவானே' என்று அவர் ஒரு நாள் மறைத்துவைப்பதுதான் திருடனுக்கு வசதி, ஆகவே திட்ட மாட்டேன் என்று இப்போதே சொல்லிவையுங்கள். உடனே சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணுக்கு அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. காவல் நிலையத்துக்கு அப்புறம் போகலாம். இரண்டாவது கணக்கில் மாதம் எவ்வளவு போட்டு வைப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரே சொல்லட்டும்.