பாடகர் கிளம்புவதற்கு முன் பதிவு செய்யுங்கள்

வாசகர் கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நான்கு ஆண்டுகளாக ஓர் இசைக்குழு நடத்துகிறோம். நான் கீபோர்டு வாசிக்கிறேன்; இசையமைப்பதும் நான்தான். திருமண வரவேற்புகளில் திரைப்பாடல் வாசித்து வரும் பணத்தைக் கொண்டு, பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நீளும் சொந்தப் படைப்புகளைச் செய்து வருகிறோம். எங்கள் கிட்டார் கலைஞர் இனி வரவேற்புக் கச்சேரிகளுக்கு வர மாட்டேன் என்கிறார். யூகோஸ்லாவியாவின் கோர்னி குருப்பா இப்படி மலிவான பாட்டுக்கு இறங்கியதால்தான் அழிந்தது என்பது அவர் வாதம். பாடகரோ வேலை கிடைத்து இன்னும் மூன்று மாதத்தில் வெளியூர் போகிறார். அந்தக் குழுவின் கதை உண்மையில் என்ன? கச்சேரிகளை நாங்கள் நிறுத்திவிட வேண்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கோர்னி குருப்பாவின் பெயரை ஒரு தமிழ் வாசகரின் கடிதத்தில் பார்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பயன்படக்கூடியது அவர் சொல்லாமல் விட்ட மறுபாதிதான் என்பதால், கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

அந்தக் குழுவைத் தொடங்கிய கொர்னெலியே கொவாச் 1942ஆம் ஆண்டின் முதல் நாளில், செர்பியாவின் நிஷ் நகரில் பிறந்தவர். சரயேவோவில் முறையாக இசை படித்து, அந்த ஊரின் புகழ்பெற்ற இண்டெக்ஸி குழுவில் கீபோர்டு வாசித்தார். 1968இல் அதை விட்டு பெல்கிரேடுக்கு வந்து சொந்தக் குழு அமைத்தபோது, தன் பெயரின் சுருக்கத்தையே அதற்கு வைத்தார். கோர்னி குருப்பா என்றால் கோர்னியின் குழு என்பதுதான் பொருள். பேஸ் கிட்டாரில் போயான் ஹ்ரெல்யாட்ஸ், டிரம்ஸில் விளாதிமிர் ஃபுர்துய், சிறிது காலத்தில் வந்து சேர்ந்த கிட்டார் கலைஞர் யோசிப் போச்செக் ஆகியோரோடு கொவாச்சும் சேர்ந்த இந்த நால்வர் அணி கடைசி வரை கலையாமல் நின்றது. மாறிக்கொண்டே இருந்தது பாடகரின் இடம் மட்டும்தான். துஷான் ப்ரெலெவிச், தலிபோர் ப்ருன், டாடோ டோபிச், ஸ்த்ராவ்கோ சோலிச், ஸ்லாட்கோ பெயாக்கோவிச் என்று ஆறு ஆண்டுகளில் ஐந்து குரல்களையாவது அந்தக் குழு கண்டது. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடகரைப் பற்றிப் பேசும்போது இதற்கே திரும்பி வருவேன்.

அக்காலத்து யூகோஸ்லாவியாவில் ஓர் இசைக்குழு எப்படிப் பிழைத்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சோவியத் அணியில் சேராத அதிபர் டிட்டோவின் நாட்டில் ராக் இசைக்குத் தடை இருக்கவில்லை. ஜாக்ரெபில் யுகோடோன், பெல்கிரேடில் பிஜிபி-ஆர்டிபி என்று பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இருந்தன. ஆனால் அவை ராக் குழுக்களுக்கு வெளியிட்டவை பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிங்கிள் தட்டுகளே. அந்த நாட்டின் ராக் குழு ஒன்றின் முதல் எல்பி, அதாவது பல பாட்டுகள் அடங்கிய நீண்ட இசைத்தட்டு, 1968இல்தான் வந்தது. ஊரெல்லாம் பெயர் பரவ வேண்டுமானால் ஜாக்ரெப், ஒபாட்டியா, ஸ்ப்ளிட், சரயேவோ நகரங்களின் பாட்டு விழாக்களில் ஏற வேண்டும். அங்கே வாத்தியக் கோஷ்டியோடு பாடக்கூடிய, மூன்று நிமிடத்தில் முடிகிற, வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கிற மெல்லிசைதான் எடுபடும். நீண்ட, சிக்கலான அமைப்புள்ள ராக் இசையான புரோகிரெசிவ் ராக் வாசிக்க நினைத்த ஒரு குழுவுக்கு அந்த மேடைகளைத் தவிர்க்க வழியில்லை.

கொவாச் அந்த வழியில் தயங்காமல் நடந்தார். 'ட்ர்லா பாபா லான்' என்ற பாட்டு நாடு முழுவதும் அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பொழுது போவதற்காகப் பாட்டி ஆளிநார் தேய்த்தாள் என்ற நாட்டு வழக்கிலிருந்து எடுத்த தலைப்பு அது. வெட்டி வேலை செய்வதைச் சொல்ல அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பழமொழி. குழந்தைகளும் பாடிக்கொண்டு திரிந்த பாட்டு. அதே ஆட்கள், அதே ஆண்டுகளில், கச்சேரி மேடைகளில் ஜாஸும் மேற்கத்திய செவ்வியல் இசையும் கலந்த நீண்ட படைப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு உயிர் கொடுத்தவர் டாடோ டோபிச். ஓசியெக் நகரின் டினாமிட்டி குழுவில் போச்செக்கோடு வாசித்தவர். 1969இல் கோர்னிக்கு வந்தார். அவருடைய குரலை நான் முதன்முதலில் கேட்ட இரவில் தூங்கவில்லை. அடித்தொண்டையில் முணுமுணுப்பாகத் தொடங்கி, ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போய், அங்கே உடையாமல் நிற்கும் குரல் அது.

இனிச் சொல்லப்போவதுதான் உங்கள் நண்பர் அறியாத பகுதி. பிராங்கோ சோபிச்சின் கவிதைகளை வைத்து, 1941இல் நாஜிகளுக்கு எதிராக அந்த மண்ணில் எழுந்த கிளர்ச்சியைப் பாடும் முழு நீளப் படைப்பு ஒன்றைத் தொலைக்காட்சிக்காக இந்தக் குழு 1971இல் பதிவு செய்தது. முன்னணிப் பாடகர் டோபிச். '1941' என்ற அந்தப் படைப்பு எல்பியாகக் கடைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1979இல். அப்போது குழு கலைந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. டோபிச்சோ 1971இலேயே கோர்னியை விட்டு விலகி, ஜாக்ரெபில் 'டைம்' என்ற சொந்தக் குழுவைத் தொடங்கி, அதன் முதல் எல்பியை 1972இல் வெளியிட்டுவிட்டார். கோர்னியின் முதல் எல்பியும் அதே 1972இல்தான் வந்தது. குழு பிறந்து நான்கு ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் தட்டில், இரண்டு ஆண்டு காலம் குழுவின் அடையாளமாக இருந்த குரல் இல்லை. புதிதாக வந்த பெயாக்கோவிச்சின் குரல்தான் இருந்தது. அவர் நல்ல பாடகர், அந்த எல்பியும் சிறந்த எல்பி. யூகோஸ்லாவியாவின் முதல் புரோகிரெசிவ் ராக் எல்பிகளுள் ஒன்றாக அதை மதிக்கிறார்கள். இருந்தாலும், அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், டோபிச் இருந்தபோதே ஒரு தட்டு வந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு வரத்தான் செய்கிறது.

இடையில் சரயேவோவிலிருந்து வந்து சில மாதங்கள் மட்டும் பாடிப்போன சோலிச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புரோகிரெசிவ் இசைக்கு அவர் குரல் பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஆனால் தனித்துப் போனபின் 1973இல் ஐரோப்பிய நாடுகளுக்கிடையே நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் நாட்டின் சார்பாகப் பாடினார். 1978இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் விளையாட்டரங்கத்தை நிரப்பும் அளவுக்குப் பெரிய நட்சத்திரமானார். அவர் தனியாகப் பாடிய பாட்டுகளுக்குப் பின்னாளில் கொவாச்சும் இசையமைத்தார். குழுவை விட்டுப் போனவரை அவர் பகையாளியாக நினைக்கவில்லை.

இனிக் கடைசி ஆண்டுக்கு வருவோம். 1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டனில் நடந்த யூரோவிஷன் போட்டியில், 'மோயா கெனெராட்சியா' என்ற பாட்டோடு கோர்னி குருப்பா மேடையேறியது. 'என் தலைமுறை' என்று பொருள்படும் அந்தப் பாட்டு, உலகப் போரின் நடுவே 1942இல் பிறந்தவர்களைப் பற்றியது. கொவாச்சும் அந்த ஆண்டின் பிள்ளைதான். 17 நாடுகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு வாக்கு. மற்ற 16 நாடுகளின் 160 நடுவர்களில் ஆறு பேர் மட்டுமே கோர்னிக்கு வாக்களித்தார்கள். கிடைத்தது 12ஆவது இடம். அன்று வென்றது சுவீடனின் ஆப்பா. போரின் நினைவைச் சுமந்த ஒரு பாட்டு, பளபளக்கும் உடைகளில் 'வாட்டர்லூ' பாடிய குழுவுக்கு எதிரே எப்படி நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆண்டில் கோர்னிலியன்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு, ஆங்கிலத்தில் ஓர் எல்பி பதிவு செய்து, இத்தாலியின் ரிக்கார்டி நிறுவனம் மூலம் வெளியிட்டார்கள். வாசிப்பின் தரத்தில் அவர்களுடைய உச்சம் அதுதான். ஆனால் எதிர்பார்த்த வெளிநாட்டுக் கதவு திறக்கவில்லை. உள்நாட்டிலோ, கோரான் பிரெகோவிச்சின் பியெலோ துக்மே குழு கிராமிய மெட்டையும் கனத்த கிட்டாரையும் ஒரே பாட்டுக்குள் கலந்து, அந்த ஆண்டின் இறுதியில் தன் முதல் எல்பியை வெளியிட்டு இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது. 1974 முடிவதற்குள் கோர்னி குருப்பா கலைந்துவிட்டது. நாடு பிளவுபட்டது 1991இல். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நிஷ்காரரும் ஓசியெக்காரர்களும் சரயேவோக்காரரும் ஒரே குழுவில் இருந்தது யாருக்கும் சிக்கலாக இருக்கவில்லை.

மெல்லிசைப் பாட்டுகள்தான் அவர்களை அழித்தனவா? அவை இல்லாவிட்டால் ஆறு ஆண்டுகள் தாங்கியிருக்க முடியாது என்பதே என் தீர்ப்பு. தவறு வேறிடத்தில் நடந்தது. எளிய பாட்டுகள் உடனுக்குடன் தட்டாகி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. பெரிய படைப்புகள் மேடையிலும் தொலைக்காட்சியின் பதிவுநாடாக்களிலும் தங்கிவிட்டன. ஆகவே வானொலியில் மட்டும் கேட்டவர்கள் இவர்களை விழாப் பாட்டுக் குழு என்று நினைத்தார்கள். மேடையில் கேட்டவர்கள் அந்த விழாப் பாட்டுகளைக் கேட்டுச் சங்கடப்பட்டார்கள். பிரெகோவிச் ஒரே பாட்டுக்குள் இணைத்ததை, இவர்கள் கடைசி வரை இரண்டு தனித்தனி வேலைகளாகவே வைத்திருந்தார்கள்.

ஆகவே வரவேற்புக் கச்சேரிகளை நிறுத்தாதீர்கள். உங்கள் கிட்டார் நண்பர் வர மறுத்தால், கட்டாயப்படுத்தாமல் அந்த இடத்துக்கு வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கச்சேரிப் பணத்தில் இத்தனை பங்கு பதிவுக்கு என்று இந்த வாரமே எழுதி வைத்துவிடுங்கள். பாடகர் கிளம்ப மூன்று மாதம் இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் நீண்ட படைப்புகளில் அவர் குரலுக்கென்றே அமைத்தவை எவை என்று பார்த்து, முதலில் அவற்றைப் பதிவு செய்யுங்கள். வாத்தியப் பகுதிகளைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். ஒலிக்கலவை சரியில்லை, இன்னும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். பதிவானதை அவர் ஊரில் இருக்கும்போதே வெளியிட்டு, அவரையும் மேடையில் வைத்து ஒரு கச்சேரியாவது நடத்திவிடுங்கள். அவர் போனபின் வருபவரிடம் பழைய குரலைப் போலப் பாடச் சொல்ல வேண்டாம்; பெயாக்கோவிச்சுக்கு அமைத்ததைப் போல, அவருக்கென்று புதிதாக அமைத்துக் கொடுங்கள்.

கிட்டார் நண்பருக்கு, '1941'ஐயும் 'ட்ர்லா பாபா லான்'ஐயும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். இரண்டிலும் கீபோர்டுக்கு முன்னால் இருப்பவர் கொவாச்தான் என்பதை மட்டும் சொல்லுங்கள்.