நண்பரோடு நிறுவனம் தொடங்குதல்: கோலாலம்பூர் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நண்பர்களோடு தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன். நண்பர்களோடு நிறுவனம் நடத்தியவன் என்ற முறையிலும், இளையோர் பலரின் ஒப்பந்தங்களை அவர்களோடு உட்கார்ந்து படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: ஐயா, நானும் பல்கலைக்கழகத் தோழனும் பங்கைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். சண்டை எதுவும் இல்லை. இருந்தும், பங்குதாரர் ஒப்பந்தம் எழுதும்படி என் அக்காள் வற்புறுத்துகிறார். அதைக் கேட்டால் நண்பன் மனம் வருந்த மாட்டானா?

பதில்: உங்கள் அக்காள் சொல்வது சரி. யார் விலகுவார், யார் நிலைப்பார் என்பது இருவருக்குமே தெரியாத காலத்தில் எழுதும் விதிகள்தாம் இருவருக்கும் நியாயமாக அமையும். சண்டை வந்த பிறகு ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமானதையே நியாயம் என்பார்கள். சரிபாதிப் பங்கில் தவறில்லை. ஆனால் 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி சாதாரணத் தீர்மானம் நிறைவேறுவதற்கே பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் வேண்டும் என்பதால், கருத்து வேறுபடும் நாளில் இருவரில் எவராலும் எதையும் நிறைவேற்ற முடியாமல் நிறுவனம் அப்படியே நின்றுவிடும். அதற்குப் பிறகு நீதிமன்றம்தான் வழி: அச்சட்டத்தின் 346-ஆம் பிரிவின்கீழ் ஒரு பங்குதாரரின் நலனை மற்றவர் நசுக்கும் ஒடுக்குமுறைக்கு நிவாரணம் கோரலாம், அல்லது நிறுவனத்தையே கலைக்கக் கோரலாம். சில மாதச் செலவுக்கு மட்டும் பணம் வைத்திருக்கும் சிறு நிறுவனம் இவ்விரண்டையும் தாங்காது.

ஆகவே, எந்தெந்தத் துறையில் யாருடைய முடிவு இறுதியானது என்பதை முதலில் எழுதுங்கள். பிரிய நேர்ந்தால் ஒருவர் பங்குக்கு விலை சொல்ல, மற்றவர் அதே விலைக்கு வாங்கவோ விற்கவோ வேண்டும் என்ற ஏற்பாட்டையும் சிலர் சேர்க்கிறார்கள். அதில் கையில் பணம் உள்ளவருக்கே சாதகம் அதிகம் என்பதை அறிந்து கையெழுத்திடுங்கள். நண்பரிடம் பேசும்போது, "எனக்கு நாளை ஏதேனும் நேர்ந்தால் நீ தனியாகச் சிக்கிக்கொள்ளக் கூடாது" என்று உங்களிடமிருந்தே தொடங்குங்கள். உண்மையும் அதுதானே.

கிள்ளான் வாசகர்: மூவர் தொடங்கினோம். ஒருவர் ஓராண்டுக்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். மூன்றில் ஒரு பங்கு அவரிடமே இருக்கிறது. இயக்குநர் பதவியிலிருந்து நீக்கினால் பங்கு திரும்புமா?

பதில்: திரும்பாது. இயக்குநர் பதவி வேறு, பங்குரிமை வேறு. பதவியிலிருந்து நீக்க மற்ற இருவரின் வாக்குகள் போதும். பங்கை அவராக விற்க இசைந்தால்தான் பெற முடியும். இப்போது உங்களுக்கு எஞ்சியிருப்பது பேச்சுவார்த்தைதான். அவர் உழைத்த மாதங்களை மதித்து ஒரு பகுதியை அவரிடமே விட்டுவிட்டு, மீதிக்கு நியாயமான விலை பேசுங்கள்.

இனித் தொடங்குபவர்களுக்கு: பங்கு முழுவதும் முதல் நாளே சொந்தமாகிவிடக் கூடாது. வெஸ்டிங் எனப்படும் ஏற்பாட்டில் பங்கு வழக்கமாக 4 ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகிறது. முதல் ஆண்டு முடியுமுன் விலகுபவருக்கு எதுவும் இல்லை. உரிமையாகாத பங்கை விலகுபவர் எந்த விலைக்கு மற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

செந்தூல் வாசகர்: எங்கள் செயலியை எழுதிய நண்பர் சிங்கப்பூருக்குப் போய்விட்டு, நிரல் தம்முடையது என்கிறார். அவர் எங்களிடம் சம்பளம் வாங்கியதில்லை.

பதில்: அவர் சொல்வதை எளிதில் ஒதுக்க முடியாது, தம்பி. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கு உரியது. ஊழியராக இல்லாத நண்பர் எழுதியது, நிறுவனம் அவரிடம் ஒப்படைத்துச் செய்வித்த வேலை என்று காட்ட முடிந்தால் மட்டுமே அப்படி நிறுவனத்துக்கு வரும். அப்படிக் காட்ட முடியாவிட்டால், உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். வழக்கறிஞரைப் பாருங்கள்; நண்பருக்கு ஒரு தொகையோ சிறு பங்கோ கொடுத்து உரிமையை எழுதி வாங்குவது வழக்காடுவதைவிட மலிவாக முடியலாம்.

பட்டர்வொர்த் வாசகி: அப்படியானால் நண்பர்களோடு தொடங்காமல் இருப்பதே நல்லதா?

பதில்: இல்லை. வாடகைக் கார் அழைக்கும் செயலியை நடத்தும் கிராப் நிறுவனம் 2012-இல் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் தொடங்கியபோது, அதன் நிறுவனர்களான ஆண்டனி டான், டான் ஹூய் லிங் இருவரும் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் உடன் படித்தவர்கள். நட்பு ஆளைத் தெரிந்துகொள்ள உதவுகிறது. பணமில்லாத மாதத்தில் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை மட்டும் தனியே பேசி அறிந்துகொள்ளுங்கள்.

பங்சார் வாசகர்: நான் விலகப் போகிறேன். பங்கை நண்பருக்கே கொடுத்துவிட்டால் என் பொறுப்பு முடிந்ததா?

பதில்: வங்கிக் கடனை நிறுவனம் கட்டாவிட்டால் நானே கட்டுவேன் என்று தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால் முடியவில்லை. பங்கை விற்பதாலோ பதவி விலகுவதாலோ அந்த உத்தரவாதம் தானாக நீங்காது; வங்கி எழுத்து மூலம் விடுவிக்க வேண்டும். நீங்கள் இயக்குநராக இருந்த காலத்தில் ஊழியர்களின் சேமநிதிச் சந்தா கட்டப்படாமல் இருந்தால் அதற்கு இயக்குநர்களும் பொறுப்பாவார்கள் என்பதால், கணக்கைச் சரிபார்த்துவிட்டுப் பதவி விலகல் கடிதத்தைக் கொடுங்கள். விலகலை நிறுவனச் செயலாளர் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துவிட்டாரா என்பதையும் நீங்களே கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.