திறமையும் மந்திர மோதிரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். நண்பர்களோடு லார்ப் ஆடுகிறேன். வேடம் போட்டு, ஃபோம் கத்தியோடு காட்டுக்குள் இறங்கி ஆடும் கற்பனை உலக ஆட்டம். இதற்காகவே வாள்வீச்சு வகுப்பில் சேர்ந்து ஒழுங்காகப் பயிற்சி செய்துவருகிறேன். போன மாதம் புதிதாக வந்த ஒருவர், ஓடக்கூட முடியாத குண்டு மனிதர், என்னைத் தோற்கடித்துவிட்டார். என் கத்திதான் அவர்மேல் அதிகம் பட்டது. ஆனால் அவர் விரலில் ஒரு மந்திர மோதிரம். அதனால் மூன்று அடி கூடுதலாகத் தாங்குவாராம். இது நியாயமா? அடுத்த ஆண்டுக்கான விதிகளை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். திறமைக்கு எவ்வளவு இடம், பொருளுக்கு எவ்வளவு இடம் தரலாம்? ஆளுக்கு இத்தனை பொருள்தான் என்று வரம்பு வைக்கலாமா? லேடெக்ஸ் கத்தி நல்லதா, டேப் சுற்றிய ஃபோம் கத்தி நல்லதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

லேடெக்ஸ் பார்க்க அழகு, டேப் பயிற்சிக்கு உழைக்கும். இரண்டில் உங்கள் குழுவின் பாதுகாப்புச் சோதனையில் தேறுவதை வாங்குங்கள். வரம்பு வைக்கலாம், தாராளமாக வையுங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது 'ஓடக்கூட முடியாத குண்டு மனிதர்' என்ற அந்தச் சொற்களுக்காக. தோற்ற எரிச்சலில் எழுதியிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் விதி எழுதப்போகிறவர் கையிலிருந்து இது வரும்போது எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் சரியாக அங்கே வந்து இடித்தது.

உங்கள் திறமை எதனால் ஆனது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வயது, நீளமான கை, வலிக்காத முழங்கால், வகுப்புக்குக் கட்டப் பணம், சாயங்காலம் போய்வர நேரம். உழைத்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் உழைப்பதற்கு ஒரு உடம்பு முதலில் அமைய வேண்டும் இல்லையா? அவருடைய மோதிரத்துக்கு விதிப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. என்ன செய்யும், என்ன செய்யாது என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் கை நீளத்துக்கு எந்தப் புத்தகத்திலும் வரி இல்லை. அதை யாரும் குறைக்கச் சொல்லவும் மாட்டார்கள்.

மந்திரமே வேண்டாம், சுத்தமாகக் கத்திச்சண்டை மட்டும் போதும் என்பவர்கள் உண்டு. 1977-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கம் தொடங்கிய டாகோர்ஹிர் என்ற ஃபோம் கத்தி ஆட்டம் அந்த வழி. கையில் பட்டால் கை போச்சு, காலில் பட்டால் முட்டி போட்டுச் சண்டை, உடம்பில் பட்டால் செத்தாய். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அங்கேயும் இரண்டு கையால் பிடிக்கும் பெரிய ஆயுதம் இரண்டு பலத்த அடியில் கேடயத்தை உடைத்துவிடும். கவசம் போட்டவர் ஒரு அடியைத் தாங்கிக்கொள்வார். அந்தப் பெரிய ஆயுதத்தைச் சுழற்ற தோள்பலம் வேண்டும், நல்ல கவசத்துக்குக் காசு வேண்டும். பொருளின் சாதகத்தை முழுக்க ஒழித்த ஆட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை. டாகோர்ஹிரை நான் மதிக்கிறேன். அது உடம்பின் ஆட்டம், அதை ஒளிக்காமல் சொல்கிறது. உங்களுடையது அப்படியா? எல்ஃப், மந்திரவாதி, மன்னர் என்று அழைப்பு விடுத்துவிட்டு, உள்ளே வந்தபிறகு 'சரி, எவ்வளவு வேகமாக ஓடுவாய்?' என்று கேட்பது வந்தவரை ஏமாற்றுவது. 1982-இல் செஷயரில் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் 'டிரெஷர் டிராப்' என்ற லார்ப் ஆட்டம் தொடங்கியபோது, அந்தக் கல் படிகளில் இறங்கியவர்கள் கொஞ்ச நேரம் வேறொருவராக இருக்கத்தான் காசு கொடுத்தார்கள்.

நான் பாஸ்டன் பக்கம் வேலை பார்த்த காலத்தில் ஒரு சிறிய குழுவோடு ஆடப் போவேன். மசாசூசெட்ஸில் 1980களில் பிறந்த நீரோ என்ற ஆட்டத்தின் வழியில் விதிகள். அங்கே மந்திரம் போடுவது என்றால், பறவைத் தீவனத்தைத் துணியில் சின்ன உருண்டையாகக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மந்திர வாக்கியத்தை முழுசாகச் சொல்லி, உருண்டையை எறிந்து, எதிராளி மேல் படவைக்க வேண்டும். வாக்கியம் தடுமாறினால் மந்திரம் வீண். என் நண்பனுக்குத் திக்குவாய். அவன் ஆட ஆசைப்பட்டது மந்திரவாதியாகத்தான், அதற்காகவே வந்தான். வீட்டில் தனியாக ஒழுங்காகச் சொல்வான். ஆர்க் என்ற அரக்க வேடம் போட்ட ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவரும்போது முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும். உருண்டை கையில் இருக்கும், அடி முதுகில் விழும். ஒருவர் அவனிடம் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், 'நீ வாள் வீரனாக மாறிவிடேன்' என்று. அன்று இரவு கூடாரத்தில் நடந்த அரட்டையில் அவன் சேரவே இல்லை.

ஆட்டத்தை நடத்திய பெண்மணி விதியைத் தளர்த்தவில்லை. தளர்த்தினால் அவன் கூசிப்போவான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கதைக்குள்ளேயே ஒரு தேடலை வைத்தார். மூன்று மாதம் அலைந்து, புதிர் அவிழ்த்து, ஒரு மந்திரக்கோல் அவன் கைக்கு வந்தது. அது இருந்தால் முழு வாக்கியம் வேண்டாம், ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லையும் அவனே தேர்ந்தெடுத்தான், தன் நாக்குக்கு இணங்கும் சொல்லாக. நாளைக்கு ஐந்து முறைதான் வேலை செய்யும். எறிவது மட்டும் அவன் கையில். நன்றாக எறிவான், சின்ன வயதில் தெருவெல்லாம் கிரிக்கெட் ஆடியவன். மற்ற மந்திரவாதிகளில் இரண்டு பேர் நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள், நியாயமா என்று. வாய் சரளமாக வருபவர்கள் அவர்கள். தங்கள் சரளத்தை அவர்கள் ஒரு சாதகமாக நினைத்ததே இல்லை.

இதனால் பொருள் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கணினி விளையாட்டில் அடியை எண்ணுவது இயந்திரம். இங்கே எண்ணுவது அடிபட்டவர். அந்த மோதிரத்தின் சக்தி முழுவதும் அதை அணிந்தவரின் நேர்மையில் இருக்கிறது. வாள் வீசும் ஒவ்வொரு முறையும் 'ஐந்து மேஜிக்', 'எட்டு சில்வர்' என்று அடியின் வலிமையை எண்ணாகக் கூவும் ஆட்டங்களில், மழையில், இருட்டில், மூன்று பேர் ஒரே நேரத்தில் கூவும்போது நான் நின்றிருக்கிறேன். மனக்கணக்கு போட்டுக்கொண்டே சாக வேண்டும். எண் பெரிதாகப் பெரிதாக, அடிபட்டவர் எண்ணுவதையே விட்டுவிடுகிறார். அங்கே ஆட்டம் கெட்டுவிடும். காசு கொடுத்தோ அமைப்பாளருக்கு நண்பராக இருந்தோ வாங்கிய பொருள் என்றால் எண்ணுவதற்கு மனசே வராது. அதில் உங்கள் கோபத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

இங்கிலாந்தில் 2013 முதல் நடக்கும் எம்பயர் என்ற லார்ப் ஆட்டத்தில், கத்தி எதுவானாலும் சாதாரண அடி ஒன்றுக்கு, ஒருவர் தாங்கக்கூடிய அடிகளில் ஒன்றுதான் குறையும். எண் கூவ வேண்டியதில்லை. மந்திரப் பொருள் ஓராண்டில் காலாவதியாகும். மறுபடி வேண்டுமென்றால் மறுபடி செய்ய வேண்டும், பண்டமாற்ற வேண்டும், யாரிடமாவது போய்ப் பேச வேண்டும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளுக்கு ஆயுள் வையுங்கள், மற்றவர் கண்ணில் படும்படி வையுங்கள், ஆட்டத்துக்குள்ளே மட்டுமே கிடைக்கும்படி வையுங்கள். அப்புறம் ஒருவர் எத்தனை அடி கூடுதலாகத் தாங்கலாம் என்பதை உங்கள் குழுவே இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்து முடிவு செய்யலாம். மூன்று அதிகம் என்று எனக்கும் தோன்றுகிறது, ஒன்று போதும்.

ஆனால் விதி எழுத உட்காரும் முன் அந்த மனிதரிடம் போய், மோதிரம் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். முடிந்தால் அவரையும் விதிக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.