லாக்டவுனில் இங்கிலாந்தின் குப்பை மையங்களை மூடியது சரியா? அங்கே போனவருக்குப் போலீஸ் அபராதம் போட்டிருக்க முடியுமா?

மார்ச்சில் மூடியது சரி. ஏப்ரல் முழுக்க மூடியே வைத்திருந்தது தப்பு. போலீஸ் கேள்விக்கு மட்டும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, அதைக் கடைசியில் சொல்கிறேன். 2020இல் இங்கிலாந்தில் இருந்து இதையெல்லாம் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இங்கே இல்லாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். கவுன்சில், அதாவது உள்ளாட்சி, வண்டி வந்து எடுத்துப்போவது வாசல் தொட்டியில் இருப்பதை மட்டும்தான். மெத்தை, பழைய கார்பெட், உடைந்த அலமாரி, வேலிச் செடி வெட்டிய கழிவு போன்றவற்றை நாமே காரில் ஏற்றிக்கொண்டு போய், ‘டிப்’ என்று எல்லோரும் சொல்லும் கவுன்சில் குப்பை மையத்தில் போட வேண்டும். இப்படி ஓர் இடத்தை மக்களுக்கு ஏற்படுத்தித் தருவது 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 51ஆவது பிரிவுப்படி உள்ளாட்சியின் கடமை. வாராவாரம் சனிக்கிழமையோ மறுநாளோ கொஞ்ச நேரமாவது அது திறந்திருக்க வேண்டும், அந்தச் சனிக்கிழமை டிசம்பர் 25 அல்லது ஜனவரி 1 ஆக இருந்தால் மட்டும் விலக்கு என்கிற அளவுக்கு அந்தப் பிரிவு நுணுக்கமாகப் போகிறது. கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 23 இரவு போரிஸ் ஜான்சன் டிவியில் வந்து எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்றார். சில நாட்களுக்குள் பெரும்பாலான டிப்கள் மூடிவிட்டன. மூடுங்கள் என்று தனியாகச் சட்டம் எதுவும் வரவில்லை, அந்தந்த உள்ளாட்சிகள் எடுத்த முடிவு அது. காரணம் நியாயமானதுதான். ஊழியர்களில் பலர் காய்ச்சலிலோ தனிமைப்படுத்தலிலோ வீட்டில் இருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வாசல் தொட்டி எடுக்கும் வேலைக்கு அனுப்பத்தான் வேண்டும். மெத்தை கராஜில் ஒரு மாதம் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது, சமையலறைக் குப்பை இரண்டு வாரம் கிடந்தால் எலி வரும்.

டிப்புக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பழைய மாதிரி மையங்களில் பெரிய இரும்புத் தொட்டிகளின் விளிம்புக்கு ஏறிப் போக ஒடுக்கமான இரும்புப் படிகள் இருக்கும். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் உரசிக்கொண்டுதான் போக முடியும். எல்லோருடைய கையும் ஒரே கம்பியைத்தான் பிடிக்கும். சோபாவோடு திணறினால் பக்கத்துக் காரில் வந்தவர் கேட்காமலே ஒரு முனையைப் பிடிப்பார். இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில் அந்தப் படிகளை அப்படியே திறந்து வைத்திருக்க முடியாது.

சரி, ஏப்ரலுக்கு வருவோம். வசந்த காலம், அந்த வருஷம் நல்ல வெயில் வேறு. வேலைக்குப் போகாத ஊரே தோட்டத்தில் இறங்கியது. புல், வேலிச் செடி, கராஜில் சேர்ந்த பழைய சாமான் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. பல கவுன்சில்கள் தோட்டக் கழிவு எடுப்பதையும் நிறுத்தியிருந்தன. சிலர் கொளுத்தினார்கள். மூச்சுத் திணறும் நோய் பரவும் நேரத்தில் நெருப்பு வைக்காதீர்கள் என்று தீயணைப்புத் துறையினர் கெஞ்சிக் கேட்டும், எங்கள் தெருவில் மாலையானால் எங்காவது ஒரு புகை எழும்.

அந்த நேரம் வீடு மாறியிருந்த ஓர் அண்ணன் போனில் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. “தம்பி, பெயிண்ட் வாங்க பி அண்ட் கியூ போனா தப்பில்லையாம். அந்த ரூம்ல இருந்து பிச்ச கார்பெட்டைப் போடப் போனா மட்டும் தப்பா?” என்னிடம் பதில் இல்லை. பி அண்ட் கியூ மாதிரி ஹார்டுவேர் கடைகளும் மதுக் கடைகளும் திறந்திருக்கலாம் என்ற பட்டியலில் இருந்தன. கடை வாசலில் ஆள் நிறுத்தி, கோடு போட்டு, எண்ணி எண்ணி உள்ளே விட முடிந்தது. கடையைவிடத் திறந்த வெளியான ஓர் இடத்தில் அதையே ஏப்ரல் நடுவில் செய்திருக்க முடியாதா? முடியும் என்று மே மாதம் காட்டியது. கிரேட்டர் மான்செஸ்டர் மே 2ஆம் தேதி தன் மையங்களைத் திறந்தது. அன்றே அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக், மற்ற கவுன்சில்களும் திறக்கத் திட்டமிட வேண்டும் என்றார். சில இடங்களில் கார் எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து நாள் ஒதுக்கினார்கள், சில இடங்களில் முன்பதிவு. வரிசை நீண்டது, பலர் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள், ஆனாலும் வேலை நடந்தது. ஸ்காட்லாந்து ஜூன் 1 வரை பொறுத்தது, அது தனிக் கதை.

டிப்பை மூடியதால்தான் ரோட்டோரம் குப்பை குவிந்தது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். பாதிதான் உண்மை என்பது என் கருத்து. 2020-21இல் இங்கிலாந்து கவுன்சில்கள் பதிவு செய்த சட்டவிரோதக் குப்பை கொட்டல் சுமார் 11.3 லட்சம், முந்தைய வருஷத்தைவிட 16 சதவீதம் அதிகம். ஆனால் அது முழு வருஷத்துக் கணக்கு, மூடியிருந்தது சில வாரங்கள்தான். அதுவும் டிப் வாசலில் ஒழுங்காக வரிசையில் நிற்கிற ஆள் ராத்திரி சந்தில் மெத்தையை வீசுகிறவர் அல்ல. எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் ஒரு நாள் காலையில் கிடந்தது ஒரு வேன் கொள்ளும் குவியல்: குளியலறை ஓடுகள், கழற்றிய கதவு, சிமெண்ட் பை. யாரோ ஒரு வீட்டுக்காரர் ‘எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறேன்’ என்ற வேன்காரருக்குக் காசு கொடுத்திருப்பார். கழிவு எடுத்துப்போக உரிமம் இல்லாதவரிடம் விசாரிக்காமல் கொடுத்தால் அந்த வீட்டுக்காரருக்கே அப்போது 400 பவுண்ட் வரை அபராதம் விழலாம். இது பலருக்குத் தெரியாது. மையம் திறந்திருந்தால் இவர்களில் சிலராவது வேன்காரரைத் தேடியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இனி போலீஸ். மார்ச் 26இல் அமலுக்கு வந்த விதி, நியாயமான காரணம் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றது. கூடவே உணவு, மருந்து, உடற்பயிற்சி, வேலை என்று சில காரணங்களை அடுக்கியது. குப்பை அதில் இல்லை. ஆனால் அது முழுப் பட்டியல் இல்லை, அதற்கு வெளியேயும் நியாயமான காரணம் இருக்கலாம். இதைப் புரிந்துகொண்டவர்கள் குறைவு, காக்கிச் சட்டை இல்லாத இந்த ஊர்ப் போலீசிலும்தான். பேசுங்கள், விளக்குங்கள், ஊக்கப்படுத்துங்கள், கடைசியாகத்தான் நடவடிக்கை என்று மேலிடம் சொல்லியிருந்தது. ஆனால் டெர்பிஷயர் போலீஸ் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் நடக்கப் போனவர்களை டிரோனில் படம் பிடித்துப் போட்டது. நார்தாம்டன்ஷயர் போலீஸ் தலைவர், தேவைப்பட்டால் கடைத் தள்ளுவண்டியில் என்ன இருக்கிறது என்றும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினார். கொரோனா வைரஸ் சட்டம் என்ற வேறொரு சட்டத்தின் கீழ் முதல் இரண்டு மாதங்களில் வழக்குப் போட்ட 44 பேர் மீதும் போட்டது தவறு என்று அரசு வழக்குத் துறையே பின்னர் ஆராய்ந்து ஒப்புக்கொண்டது. 44இல் 44!

டிப் விஷயத்தில் குழப்பம் இன்னும் வேடிக்கை. மே முதல் வாரத்தில் வந்த வழிகாட்டுதல், வீட்டில் வைத்திருந்தால் ஆபத்து என்ற கழிவை மட்டும் கொண்டுபோங்கள் என்றது. வழிகாட்டுதல் சட்டம் ஆகாது. குப்பை மையத்துக்குப் போவது நியாயமான காரணம் என்று விதியிலேயே எழுதிச் சேர்த்தது மே 13இல்தான். ஆக மான்செஸ்டர்காரர்கள், கவுன்சிலே திறந்து வைத்த இடத்துக்கு, பட்டியலில் இல்லாத ஒரு காரணத்துக்காகப் பதினொரு நாள் போய்வந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு கான்ஸ்டபிள் காரை நிறுத்தி, புல் மூட்டையைப் பார்த்துவிட்டு அபராத நோட்டீஸ் எழுதியிருந்தால்? எழுத முடியும். மேல்முறையீடு என்று எதுவும் கிடையாது. கட்ட மாட்டேன் என்று சொல்லி, கோர்ட்டுக்குப் போய், என் காரணம் நியாயமானது என்று மாஜிஸ்திரேட்டிடம் வாதாட வேண்டும். நான் பார்த்தவரை ஜெயித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அப்போது அபராதம் 60 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 30. முப்பது பவுண்டுக்காக, அதுவும் அந்தச் சமயத்தில், யார் கோர்ட் படி ஏறப்போகிறார்கள்?