சிமியோன் காத்திருந்த கதை: கேள்வி பதில்

குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது அவரைக் கையில் ஏந்தியவர் சிமியோன். அதைச் சொல்லும் லூக்கா 2-ஆம் அதிகாரம், 25 முதல் 35 வரை படித்ததும் பலர் கேட்ட கேள்விகள் இவை.

சிமியோனுக்கு என்ன வயது ஐயா? அவர் ஆசாரியரா?

வயதை லூக்கா சொல்லவே இல்லை. மரணத்துக்கு முன் கிறிஸ்துவைக் காண்பார் என்ற வாக்கை வைத்து நாமாகவே அவருக்கு வெள்ளைத் தாடி வரைந்துவிட்டோம். ஆசாரியர் என்றும் வசனத்தில் இல்லை. எருசலேமில் இருந்த நீதிமான், தேவபக்தியுள்ளவர், அவ்வளவுதான்.

அத்தனை கூட்டத்தில் குழந்தையை எப்படி அடையாளம் கண்டார்?

ஆவியானவர் ஏவித்தான் தேவாலயத்துக்கே வந்தார். பார்த்தவுடன் தெரியும்படி அங்கே ஒன்றும் இல்லை. ஆண்பிள்ளை பெற்ற தாய் 40 நாள் கழித்து சுத்திகரிப்புக் காணிக்கையாக ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொண்டுவர வேண்டும். வசதியில்லாவிட்டால் ஆட்டுக்குப் பதிலாக இன்னொரு புறா போதும் என்கிறது லேவியராகமம் 12. மரியாள் விஷயத்தில் லூக்கா குறிப்பிடுவது இரண்டு புறாக்களைத்தான். இஸ்ரவேலின் ஆறுதலுக்காக, அதாவது மேசியாவின் வருகைக்காக, காத்திருந்தவர் கையில் ஏந்தியது, ஆடு வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளையை!

குழந்தைக்காகப் பல வருஷமாக ஜெபிக்கிறோம். "சிமியோனைப் போல பொறுத்திரு, நிச்சயம் கிடைக்கும்" என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சகோதரி, அப்படிச் சொல்வது சரியல்ல. சிமியோனுக்குக் கிடைத்தது அவருக்கென்று கொடுக்கப்பட்ட வாக்கு. அதை எடுத்து இன்னொருவர் வீட்டு விஷயத்துக்கு உத்தரவாதமாக எழுதிக் கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் பாரம் உங்கள் தலையில் விழுகிறது.

பொறுமை என்றால் வாய்மூடி இருப்பது என்றும் நினைக்காதீர்கள். 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். அதுவும் ஜெபம்தான். இன்று ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் அந்த இரண்டு வசனத்தை மட்டும் வாசியுங்கள். டாக்டரைப் பார்ப்பது அவிசுவாசமா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை, தாராளமாகப் பாருங்கள்.

அவர் கண்டது ஒரு குழந்தையை மட்டும்தானே? அதில் எப்படித் திருப்தி வந்தது?

நல்ல கேள்வி. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்ததிலிருந்து ரோமர் கை ஓங்கியே இருந்தது. சிமியோன் குழந்தையை ஏந்திய அன்றும் அதில் எந்த மாற்றமும் இல்லை. இயேசு ஊழியம் தொடங்கவே இன்னும் ஏறக்குறைய 30 வருஷம். ஒரு அற்புதத்தையோ பிரசங்கத்தையோ சிமியோன் கண்டதாக எழுதப்படவில்லை. ஆனாலும் "என் கண்கள் கண்டது" என்கிறார்! முடிவைப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவர் நிற்கவில்லை. தொடக்கமே அவருக்குப் போதுமாயிருந்தது. என் பார்வையில் அவருடைய பொறுமையின் அழகு இங்கேதான், காத்திருந்த வருஷங்களின் எண்ணிக்கையில் இல்லை.

அதே மூச்சில் மரியாளிடம், உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் (வாள்) உருவிப்போகும் என்கிறார். பிள்ளையை ஆசீர்வதிக்க வந்த இடத்தில் யாராவது அப்படிப் பேசுவார்களா? வரப்போகும் வலியை மறைக்க வேண்டிய தேவை அவர் விசுவாசத்துக்கு இல்லை.

84 என்று ஒரு கணக்கு வருகிறதே?

அது சிமியோனுக்கு அடுத்து அதே அதிகாரத்தில் வரும் அன்னாள் தீர்க்கதரிசியின் வயதைப் பற்றியது. ஆசேர் கோத்திரம், பானுவேலின் மகள். புருஷனோடு ஏழு வருஷமே வாழ்ந்து விதவையானவர்.

குழந்தையை ஏந்தியபடி சிமியோன் சொன்ன துதியை, சிமியோன் பாட்டை, நாம் சபையில் பாடுவது உண்டா?

உண்டு. ஆங்கிலிக்கன் வழிவந்த சபைகளின் மாலை ஆராதனை முறையில் அது இருக்கிறது. கத்தோலிக்கர் இரவு ஜெபத்தில் சொல்வார்கள். மாலை ஆராதனைக்கு ஆள் வருவதுதான் குறைந்துவிட்டது.